பகரம் போன ஆள்

முதுகில் ஊசி போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒச்சப்பனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. காலை அசைக்கச் சொன்னார்கள். அசைத்ததாகத்தான் அவன் நினைத்தான். நர்ஸ் கமலாக்ஷி உதட்டைப் பிதுக்கியபோதுதான் அது அசையவில்லை என்று தெரிந்தது. நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் நடப்பது யாருக்கோ நடக்கிற காரியம் மாதிரி இருந்தது. பதினாறு வயதில் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து, பதினெட்டு வருஷமாக மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் ஏற்றி உந்துவண்டி தள்ளியவன். பட்டப்பகலில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்ப்பது அவனுக்குப் புதுசு. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

குடலிறக்கம் என்று வந்தவன் அவன். வண்டி தள்ளுகிறவர்களுக்கு வருகிற நோய்தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வைகாசி மாதம் தோப்பும்படிப் பாலத்து ஏற்றத்தில் வலது தொடையிடுக்கில் குடல் தேங்காய் அளவுக்கு இறங்கிவிட்டது. வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு உட்கார்ந்தான். பின்னால் வந்த லாரிக்காரன் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். இரண்டாம் கல்யாணம். அதற்குள் அறுத்துத் தைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று எறணாகுளத்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தான். இது எழுபத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதம்.

துணிக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தமும் டாக்டரின் மூக்குப்பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. டாக்டர் வெங்கிடேஸ்வரன் பாலக்காட்டுக்காரர். கத்தியைப் பிடித்தால் மூக்காலே பாடுகிற பழக்கம் அவருக்கு. பாட்டு திடீரென்று நின்றது. பிறகு கமலாக்ஷி தணிந்த குரலில் கேட்டாள்.

"சாரே, இது யூட்ரஸ் அல்லே?"

டாக்டர் நிமிராமலே, "பசங்களைக் கூப்பிடு" என்றார். படிக்கிற டாக்டர்கள் பத்துப் பேர் வந்து நின்றார்கள். துணிக்கு மேலே அவர்களுடைய தலைகள் மட்டும் தெரிந்தன. எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன.

ஒச்சப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் யூட்ரஸ் தெரியும். ஏழு வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவன் பெண்டாட்டி சீனியம்மாளின் யூட்ரஸைப் பற்றித்தான் பேசினார்கள். சின்னது என்றார் ஒருவர், சாய்ந்திருக்கிறது என்றார் இன்னொருவர், சுரண்ட வேண்டும் என்று இரண்டு பேர் சுரண்டவே செய்தார்கள். பொம்பளைக்குள் இருக்கிற பிள்ளைப் பை. அதன் பெயரை எதற்கு இங்கே சொல்கிறார்கள்? அவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடுப்போடு சேர்த்து மற்றதும் மரத்துவிட்டது போலிருந்தது. கூரையில் ஒரு பல்லி இருந்தது. அது போகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிடந்தான்.

*

ஒச்சப்பனுக்குப் பிறந்ததிலிருந்தே வலது பக்கம் பெருத்தும் இடது பக்கம் வெறும் தோலாகவும்தான் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துச் சின்ன ஊர். அவனுக்கு மூன்று வயதில் அவன் அம்மா மாயம்மாளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. குளிப்பாட்டும்போது அமுக்கிப் பார்த்து எண்ணினாள். இரண்டு இருந்தது. இரண்டும் வலது பக்கத்திலேயே இருந்தது. "ரெண்டும் ஒரே வீட்ல குடியிருக்கு, அம்புட்டுத்தான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். எண்ணிக்கை சரியாக இருந்ததில் அவளுக்குப் பரம திருப்தி. சாமிக்கு ஒரு சேவல் அறுத்தாள். டாக்டரிடம் காட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றினாலும் டாக்டர் இருபது மைலுக்கு அப்பால் இருந்தார்.

ஆற்றில் குளிக்கும்போது பையன்கள் கேலி செய்தார்கள். அன்று கோவணத்தை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தவன் பிறகு யார் முன்னாலும் அவிழ்க்கவில்லை. சீனியம்மாளுக்குக்கூட இருட்டில் பழகியதுதான். மற்றபடி அவன் ஆண்பிள்ளைத்தனத்தில் ஒரு குறையும் கிடையாது. மீசை இருந்தது. பத்து மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளுகிற தோள் இருந்தது. பிள்ளைதான் இல்லை.

பிள்ளை இல்லையென்றால் யாரைக் கேட்பார்கள்? சீனியம்மாளைத்தான் கேட்டார்கள். கட்டிய இரண்டாம் வருஷத்தில் அவளே ஒரு லேடி டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் நல்ல டாக்டர், முறைப்படி செய்தார். "முதலில் உன் மாப்பிள்ளையைப் பார்க்கணும்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பஜார் ரோட்டு லேபரட்டரியில் போய் விந்து கொடுத்துவிட்டு வர வேண்டும், உயிரணு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்ப்பார்கள். எழுபத்திரண்டாம் வருஷம் அது.

இங்கே ஒச்சப்பனின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மட்டாஞ்சேரியில் உந்துவண்டிக்காரர்களுக்கு முனிசிபாலிட்டி பித்தளை வில்லை கொடுத்திருந்தது. வில்லையில் நம்பர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் அவன் வில்லையைப் புஜத்தில் கட்டிக்கொண்டு அவன் வண்டியைத் தள்ளுவான். இதற்குப் பகரம் போவது என்று பெயர். மலையாளத்துச் சொல்தான், வண்டிக்காரத் தமிழர்கள் அதை வீட்டுச் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள். சரக்குக் கோடவுனில் "நாற்பத்தொன்று" என்று கூப்பிட்டால், வில்லை கட்டியவன் எவனோ அவன் "ஓ" என்பான். வேலை நடந்ததா என்று மட்டும்தான் பார்ப்பார்கள், ஆள் யார் என்று கேட்கிற வழக்கமே இல்லை. நாளாவட்டத்தில் இது வண்டியோடு நிற்கவில்லை. ரேஷன் வரிசைக்குப் பகரம், போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துக்குப் பகரம். ஒச்சப்பன் பெரியம்மைத் தடுப்பூசியையே இரண்டு தடவை குத்திக்கொண்டவன். ஒன்று அவனுக்கு. இன்னொன்று, ஊசியென்றால் நடுங்குகிற சிநேகிதன் செல்லதுரையின் பேருக்கு.

சீட்டைப் பார்த்ததும் ஒச்சப்பனுக்கு ஆற்றங்கரை ஞாபகம்தான் வந்தது. லேபரட்டரியில் வேட்டியை அவிழ்க்கச் சொல்வார்கள், பார்ப்பார்கள், சிரிப்பார்கள். செல்லதுரையிடம் போய், "தடுப்பூசிக்கு நான் போனேன்ல, இதுக்கு நீ போயிட்டு வா" என்றான். செல்லதுரை விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் போனான். "ஒச்சப்பன்!" என்று கூப்பிட்டபோது "ஓ" என்று எழுந்து கண்ணாடிக் குப்பியை வாங்கிக்கொண்டான். அன்றைக்கே செல்லதுரைக்கு மூன்று பிள்ளைகள். ரிப்போர்ட் ஜம்மென்று வந்தது.

அவன் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஏமாற்றியிருந்தாலாவது மனசு உறுத்தியிருக்கும். பகரம் ஓட்டிய நடை வில்லைக்காரன் நடைதானே, அதேபோல அந்த ரிப்போர்ட்டும் தன்னுடையது என்றே ஒச்சப்பன் எடுத்துக்கொண்டான். எல்லா ஆம்பளைக்கும் ஒரே சரக்குதானே என்று நினைத்தான். ஒரு மாதத்தில் மறந்தும் போனான்.

சீனியம்மாள் மறக்கவில்லை. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தாள். புது டாக்டரிடம் போகும்போதெல்லாம் முதலில் அதைத்தான் மேஜையில் எடுத்து வைப்பாள். "அவருக்கு ஒரு கொறையும் இல்ல டாக்டரே, எனக்குத்தான்." டாக்டர்களும் தாளைப் பார்ப்பார்கள், அவளைப் படுக்கச் சொல்வார்கள்.

*

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் வெங்கிடேஸ்வரன் கட்டிலுக்கு வந்தார். சீனியம்மாள் அப்போது அங்கே இல்லை. அவளுக்குச் சுக்குக் கோடவுனில் வேலை. காய்ந்த இஞ்சியைச் சுண்ணாம்பில் புரட்டித் தரம் பிரிக்கிற வேலை அது. வேலை முடித்து, பள்ளுருத்தி வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சி, போட் பிடித்து அவள் வந்து சேரச் சாயங்காலம் ஆகும்.

"நீ பயப்படவேண்டாம், கேட்டியா" என்றார் டாக்டர். "குடலைச் சரியாக்கித் தைச்சாச்சு. ஆனா உள்ள வேற ஒரு சங்கதி கண்டேன்."

அவர் மறைக்காமல் சொன்னார். கருவில் முதல் இரண்டு மாதம் எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு வழியும் இருக்குமாம், ஆண் வழியும் பெண் வழியும். ஆணென்றால் விதையில் ஒரு சத்து சுரந்து பெண் வழியை அழித்துவிடும். ஒச்சப்பனுக்கு அது அழியவில்லை. குட்டியாக ஒரு கர்ப்பப்பை நின்றுவிட்டது. அது இடது விதையையும் வலது பக்கம் இழுத்துக்கொண்டு வந்து, இரண்டும் ஒரே பையில் மாட்டியிருக்கிறது.

"முப்பது வருஷமா கத்தி பிடிக்கறேன். இது எனக்கு ரெண்டாவது கேஸ் ஆக்கும்."

"அப்ப நான் பொம்பளையா சார்?"

"சீ, சீ. நீ ஆம்பளைதான். இருந்தாலும் நிச்சயம் பண்ணிக்கணும். கன்னத்துக்குள்ள சுரண்டிப் பார்த்தா தெரியும். அந்தப் பையை நான் எடுக்கலை, பார்த்துக்கோ. உன்னைக் கேக்காம எப்படி எடுக்கறது? விதைக்குப் போற குழாய் அதோட ஒட்டிண்டிருக்கு, அவசரப்பட்டா அறுந்துபோகும். விதையிலேர்ந்து ஒரு பொட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன்."

கமலாக்ஷி ஒரு மரக்குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனாள். தையல் பிரிக்கிற அன்று கண்ணாடிக் குப்பியையும் கையில் கொடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே ஒச்சப்பன் ரொம்ப நேரம் நின்றான். இந்தத் தடவை பகரம் கிடைக்கவில்லை.

ரிசல்ட் வாங்க இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். சீனியம்மாள் கோடவுனில் லீவு சொல்லிவிட்டு, குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். அவளுக்குத் தெரிந்தது குடலிறக்கம் மட்டும்தான். கல்யாணத்துக்குள் புண் ஆறிவிடுமா என்று கேட்டுக்கொள்ள வந்தாள். ஆமாம், ஒச்சப்பனின் இரண்டாம் கல்யாணத்தைப் பற்றி அவள்தான் விசாரித்துக்கொண்டிருந்தாள். மாயம்மாள் ஊரில் தூரத்து உறவில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லியனுப்பியபோது, சீனியம்மாள் ஒருநாள் முழுக்க அழுதாள். மறுநாள் சரி என்றாள். "என்னையப் பெரியம்மான்னு கூப்பிட ஒண்ணு வருமில்ல" என்றாள். பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்து, மெத்தென்று ஆகட்டும் என்று நாலு தடவை துவைத்துக் காயப்போட்டாள். தொட்டில் கட்ட.

டாக்டர் புது ரிப்போர்ட்டுகளை விரித்து வைத்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சீனியம்மாள் பிளாஸ்டிக் உறையை மேஜையில் வைத்தாள். "பழைய காயிதமெல்லாம் இருக்கு டாக்டரே. மொதல்ல இதப் பாருங்க, இவருதுதான்."

அவர் எழுபத்திரண்டாம் வருஷத் தாளைப் பார்த்தார். புதுத் தாளைப் பார்த்தார். ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பன் மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ போய் எனக்கு ஒரு சாயா வாங்கிண்டு வாயேன் அம்மா" என்றார் டாக்டர்.

அவள் போனதும் கேட்டார்: "இது யாரோடது?"

"எம்பேருதான சார் போட்டிருக்கு."

"பேரைக் கேக்கலை. உன் விதையில உயிரணு உண்டாகற இடமே வாடிப்போயிருக்கு. இப்பத்திய டெஸ்டில ஒண்ணுகூட இல்லை. பிறந்ததிலேர்ந்து இடம் மாறி நெருக்கிண்டு கிடந்த விதை இது. ஏழு வருஷம் முன்னாடி மட்டும் இப்படிக் கோடிக்கணக்கில எங்கேர்ந்து வந்தது?"

ஒச்சப்பன் சொன்னான். லேபரட்டரி, செல்லதுரை, பகரம். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அசட்டுத்தனமான காரியம் என்று அவனுக்கே கேட்டது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அந்தப் பொண்ணை ரெண்டு தடவை மயக்கம் கொடுத்துச் சுரண்டியிருக்கா, இந்தத் தாளை நம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் முகம் சிவந்திருந்தது. "அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. எந்த டாக்டரும் உன்னை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தா போதும், கைக்கே தெரிஞ்சிருக்கும். சின்னப் பிள்ளையிலேயே பார்த்திருந்தா கொஞ்சம் வழியும் இருந்திருக்கும்."

பிறகு வேலையைப் பேசினார். கன்னத்தைச் சுரண்டியதில் அவன் ஆண்தான் என்று வந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன், அந்தப் பையைப் பதமாகப் பிரித்து, இரண்டு விதையையும் அதனதன் இடத்தில் வைக்கலாம். பிள்ளை பிறப்பதற்கு அல்ல. இந்த மாதிரி விதையில் பின்னால் கட்டி வர இடமுண்டு, அதனால் இரண்டும் தனித்தனியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். "பகரம் ஆளை அனுப்பாதே."

சீனியம்மாள் சாயாவோடு வந்தாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். "இவனே சொல்லுவான் அம்மா" என்றார்.

*

மட்டாஞ்சேரி போட்டில் கூட்டமில்லை. ஓரத்துப் பலகையில் உட்கார்ந்தார்கள். அவள் பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்திருந்தாள்.

"புண்ணு ஆறிருமாமா?"

"ஆறிரும். கொற எங்கிட்டதானாம்."

"என்ன கொற?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவளிடம் சொல்லும்போதாவது வெட்கமோ அழுகையோ வரும் என்று எதிர்பார்த்தான். இன்னொருவன் கதையைச் சொல்வது மாதிரி நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. உள்ளே பொம்பளைக்கு இருப்பது ஒன்று இருக்கிறது, விதை வாடிக் கிடக்கிறது, பிள்ளை பிறக்காது. அவள் சிரிக்கவில்லை. அருவருப்புப்படவும் இல்லை. அவன் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

"வலிச்சிருக்குமே இத்தன வருசமா. ஒரு வார்த்த சொல்லலியே மச்சான்."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். சுண்ணாம்பு ஏறி நகக்கண் எல்லாம் வெளுத்த கை. அது அங்கே இருக்கும்போதே அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"அப்ப இந்த ரிப்போட்டு?"

"அது நான் இல்ல."

"பேரு போட்டிருக்கே."

"செல்லதுரை. பகரம் போனான்."

அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். போட் ஐலண்ட் ஜெட்டியில் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள், மீன் கூடையோடு ஒருத்தி ஏறினாள். மறுபடி கிளம்பியது. மட்டாஞ்சேரியின் கோடவுன் ஓடுகள் தெரிய ஆரம்பித்த பிறகுதான் சீனியம்மாள் வாயைத் திறந்தாள்.

"ரெண்டாந்தடவ சொரண்டுனப்ப எனக்கு மயக்கம் சரியாப் பிடிக்கல. கத்துனேன். பெத்துக்கத் தெரியாதவளுக்குக் கத்த மட்டும் தெரியுதாக்கும்னு அந்த நர்சு கேட்டா."

அவன் அவள் மடியிலிருந்த உறையைப் பார்த்தான்.

"ஏழு வருசமா ஒனக்குப் பகரம் நான் நின்னிருக்கேன். செல்லதுரையவாச்சும் கேட்டு அனுப்புன. என்னைய யாரும் கேக்கவே இல்ல."

கையை அப்போதுதான் எடுத்தாள். "ஆத்தா அடுத்த வாரம் பரிசச் சேலையோட வருதுல்ல. வரட்டும். நீயே ஒன் வாயால சொல்லு. அங்கம்மா இருக்கும்போது சொல்லு."

"செல்லதுரை பொஞ்சாதி எதுக்கு?"

"அவளும் கேக்கணும்."

ஏன் என்று அவனுக்குத் தெரியும். செல்லதுரை குடும்பம் இவர்கள் குடியிருந்த அதே வரிசை வீட்டில் மூன்றாவது கதவு. அங்கம்மாளுக்கு நாலாவதாக ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயது. அந்தக் குழந்தை பிறந்த பதினாறாம் நாள் சீனியம்மாள் ஆசையாகக் கையை நீட்டினாள். அங்கம்மாள் சேலைத் தலைப்பைக் குழந்தைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சுண்ணாம்புக் கை அக்கா. பிள்ளைக்கு ஆகாது" என்றாள். சீனியம்மாள் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். வந்து பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது. சுண்ணாம்பு ஒரு சாக்குத்தான் என்று வரிசை வீடு முழுக்கத் தெரியும்.

*

அந்த ஒரு வாரம் வீட்டில் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கோடவுனுக்குப் போனாள், வந்தாள், சோறு போட்டாள். தையல் பிரித்த இடத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் துணி கட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். துவைத்து வைத்திருந்த நூல் சேலையை எடுத்து, பல்லால் கடித்து, நீளவாக்கில் சர்ரென்று கிழித்தாள். மெத்தென்றுதான் இருந்தது. தினமும் காலையில் ஒன்று கட்டிவிட்டாள். கட்டும்போது அவள் முகத்தில் எதுவும் இல்லை. அவனுக்கும் உள்ளே எதுவும் இல்லை. ஊசி இன்னும் இறங்கவில்லையோ என்றுகூட நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாயம்மாள் வந்து இறங்கினாள். தூக்குப்பையில் பரிசச் சேலை, வாழைப்பழம், முறுக்கு. வந்ததும் மருமகளிடம், "நீ பெரிய மனசுக்காரி" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். வரிசை வீட்டுப் பெண்கள் சேலையைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். அங்கம்மாள் இடுப்பில் குழந்தையோடு நிலைப்படியில் நின்றாள். செல்லதுரை அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சீனியம்மாள் எல்லாருக்கும் சாயா கொடுத்தாள். கொடுத்து முடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒச்சப்பனைப் பார்த்தாள்.

அவன் எழுந்து நின்றான். எதற்கு நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. கோடவுனில் நம்பரைக் கூப்பிட்டால் நிற்பது மாதிரி நின்றுவிட்டான்.

"ஆத்தா, கல்யாணம் வேண்டாம். எனக்குப் பிள்ளை பெறக்காது. இவளுக்குக் கொற இல்ல. எனக்குத்தான்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா? ரிப்போட்டு இருக்கேடா."

"அது செல்லதுரையோடது. எனக்குக் கூச்சமா இருந்துச்சு, அவனப் பகரம் அனுப்புனேன். இப்ப எறணாகுளத்துல அறுத்துப் பாத்துட்டாங்க. பெறந்ததுலருந்தே அப்படித்தானாம்."

சாயா டம்ளர் ஒன்று தரையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அங்கம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். செல்லதுரை அங்கே இல்லை.

மாயம்மாள் பரிசச் சேலையைக் கீழே வைத்தாள். "பெறந்ததுலருந்தா? நான் எண்ணிப் பாத்தனேடா" என்றாள். "மூணு வயசுல நான் கைய வச்சு எண்ணுனேன். ரெண்டு இருந்துச்சே. சேவ அறுத்தேனே." அதையே மூன்று தடவை சொன்னாள். பிறகு சட்டென்று குரலைத் தணித்து அவன் கையைப் பிடித்தாள். "சரி, விடு. நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். சேல எடுத்தாச்சு, ஊருக்குச் சொல்லியாச்சு. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியப் போகுது? ரெண்டு வருசம் போனா அவளுக்கும்..."

"அவளையும் கொண்டாந்து நிக்க வைக்கச் சொல்றியா?" என்றான் ஒச்சப்பன். இந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போதுதான் அவனுக்கு முதல் தடவையாக வலித்தது. ஆபரேஷன் அன்று சாயங்காலம் கால் கட்டைவிரலில் சுருக்கென்று ஆரம்பித்து உணர்ச்சி திரும்பியதே, அப்படி எங்கேயோ ஓர் ஓரத்தில் சுருக்கென்றது. "வேண்டாம் ஆத்தா. ஒருத்தி நின்னது போதும்."

பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மாயம்மாள் பரிசச் சேலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அங்கம்மாள் மட்டும் போகவில்லை. அவள் கெட்டவள் இல்லை, எல்லாரும் பயப்படுவதற்கு அவளும் பயந்தாள், அவ்வளவுதான். முகமெல்லாம் சிவந்து போய் உள்ளே வந்தாள். இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து சீனியம்மாளின் மடியில் உட்கார வைத்தாள்.

குழந்தை சீனியம்மாளின் மூக்குத்தியைப் பிடிக்கக் கையை நீட்டியது. சீனியம்மாள் அதன் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கைகள் இரண்டும் தரையில் இருந்த இடத்திலேயே இருந்தன. அவை எழுந்துவிட வேண்டும் என்று ஒச்சப்பன் வேண்டிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்து அவன் எதற்காகவும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

"எடுத்துக்க அங்கம்மா" என்றாள் சீனியம்மாள், கோபமே இல்லாமல். "சுண்ணாம்புக் கை. பிள்ளைக்கு ஆகாது."

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோடவுன் கிடையாது. காலையில் அவள் மஞ்சள் தேய்த்துக் குளித்திருந்தாள், கை சுத்தமாகத்தான் இருந்தது.